நாலு லட்ச ரூபாய்த் தூசி

எங்கள் வீட்டு வாசலில் நின்ற அம்பாசிடர் காரைத் துடைக்கக் கூடாது என்று என் கணவர் உத்தரவு போட்டிருந்தார். தண்ணீர் ஊற்றக் கூடாது, துணி படக் கூடாது, மேலே உதிரும் வேப்பிலையைக்கூடப் பெருக்கக் கூடாது. ஒரு நாள் வாசல் கூட்டும்போது துடைப்பத்தின் நுனி பானெட்டில் பட்டுவிட்டது. உள்ளேயிருந்து ஓடி வந்தார். கோடு விழுந்த இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "பத்தாயிரம் போச்சு" என்றார். எனக்கு வந்த கோபத்தில், மிச்சத்தையும் துடைத்து ஒரேயடியாக நஷ்டம் பண்ணிவிட்டால் என்ன என்று தோன்றியது. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அவருக்கு இந்தப் பைத்தியம் போனில் பிடித்தது. துபாயில் பல வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, சிதம்பரம் ரயிலடிப் பக்கம் சின்னதாக ஒரு ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். வெயில் காலத்தில் தலைகால் தெரியாமல் ஓடுவார். மழை பிடித்துவிட்டால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படி ஒரு மழைக்காலத்தில் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு வெளிநாட்டில் மாட்டுக்கொட்டகையில் காலம்காலமாகக் கிடந்த காரை ஏலம் விடும் வீடியோ கண்ணில் பட்டிருக்கிறது. என்னையும் பிடித்து உட்காரவைத்துக் காட்டினார். கார் துருப்பிடித்துக் கிடந்தது. சீட்டை எலி தின்றிருந்தது. மேலே விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. கோட் போட்ட ஆட்கள் அதைச் சுற்றி நின்று கோடிக் கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த அதே மாடல் கார் பக்கத்திலேயே பாதி விலைக்குப் போனதாம்.

"பாத்தியா? தொடாம இருந்தா அதான் ஒரிஜினல். தொட்டா வெல போயிடும்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரிஜினல் என்ற வார்த்தையைக் கேட்காத நாளே கிடையாது. கிழிந்த சீட் ஒரிஜினல். உடைந்த கைப்பிடி ஒரிஜினல். பின்சீட்டில் எங்கள் வெள்ளைக் கோழி முட்டையிட்டு, கூடவே அசிங்கமும் பண்ணி வைத்திருந்தது. அதுவும் ஒரிஜினல்.

"அது போன வாரம் பண்ணுனதுங்க" என்றேன்.

"இருக்கட்டும். காயட்டும்" என்றார்.

அந்தக் காரின் வரலாறு பெரிதாக ஒன்றுமில்லை. லீவில் வந்திருந்த ஒரு சமயம், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் வீட்டில் சும்மா நிற்கிறது என்று கேள்விப்பட்டுப் போய் வாங்கினார். சிதம்பரம் வரைக்கும் அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். கேட்டுக்குள் நுழைந்து வேப்பமரத்தடியில் நின்ற கார் ஒரு தடவை இருமியது. அதோடு சரி. இவர் திரும்ப துபாய்க்கு விமானம் ஏறிவிட்டார். கார் என்னோடு குடித்தனம் நடத்தியது.

எனக்கு அந்தக் கார் மேல் தனிப்பட்ட பகை கிடையாது. அது நின்ற இடத்தின் மேல்தான் கண். நான் ஆரி வேலை செய்கிறேன். கல்யாண ஜாக்கெட்டின் கையிலும் முதுகிலும் ஜரிகை, மணி, கல் எல்லாம் வைத்துக் கொக்கி ஊசியால் தைக்கிற வேலை. அதற்குத் துணியைக் கட்டில் அளவுக்கு ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். அந்தச் சட்டத்தை ஹாலில்தான் போட முடிந்தது. விருந்தாளி வந்தால் சட்டத்தைத் தூக்கிச் சுவரில் சாத்த வேண்டும். சாத்தினால் மணி கொட்டும். வந்தவர் சோபாவில் உட்கார்ந்து டீ குடிக்க, நான் அவர் காலடியில் தவழ்ந்து மணி பொறுக்க வேண்டும். என் கணவர் அதே ஹாலில், பிரித்துப் போட்ட ஏசிக்கு நடுவில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பார். வேறு இடமும் இல்லை. மேலே ஓடு. பின்னால் கிணறும் செப்டிக் டேங்கும். ஒரு ரூம் எழுப்பலாம் என்றால் கார் நின்ற இடம் ஒன்றுதான் பாக்கி.

அந்த வருஷம் சிதம்பரம் மேல வீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, யாருக்கோ நான் தைத்த ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு வீடு தேடி வந்தார். கடைக்கு வரும் கல்யாண ஜாக்கெட் அத்தனையையும் எனக்கே தருவதாகச் சொன்னார். கூட ரெண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்ளவும் சொன்னார். சொல்லிக்கொண்டே ஹாலைச் சுற்றிப் பார்த்தார். என் சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்ரசர் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது.

"தனியா ஒரு எடம் இருந்தா நல்லதும்மா. பட்டுல ஆயில் பட்டுச்சுன்னா பொண்ணு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஆவணி முகூர்த்தம் ஆரம்பிக்கிறதுக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா வேற ஆளப் பாக்கணும்" என்றார்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். சட்டம் இந்தப் பக்கம், ஜன்னல் அந்தப் பக்கம், ரெண்டு பெண்கள் இங்கே என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் நடுவில் கார் நின்றது. கோழி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தது.

அந்தக் காரை வாங்க ஒருத்தர் தயாராகவும் இருந்தார். எங்கள் தெருக்கோடியில் காயலாங்கடை வைத்திருக்கும் மனிதர். பழைய இரும்பு, பழைய கதவு, பழைய ஜன்னல் எல்லாம் வாங்கி, உடைப்பதை உடைத்து, விற்பதை விற்பவர். பண்டிகைக்குப் பண்டிகை வந்து கேட்டைத் தட்டுவார். "அக்கா, பாய் மனசு மாறுனாரா?" என்பார். என் கணவர் உள்ளேயிருந்தே, "எம் வண்டிய எடைக்குப் போடணுமா? போய்யா அந்தாண்ட" என்பார். அவரும் கோபித்துக்கொள்ளாமல் போய்விடுவார்.

ஜவுளிக்கடை அம்மா வந்துபோன மறுநாளிலிருந்து நான் மீன் வாங்குவதை நிறுத்தினேன். என் கணவருக்கும் எனக்கும் சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. அந்த ஊர்க்காரருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. ரசமும் கத்தரிக்காயுமாகப் போட்டேன். ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். வெள்ளிக்கிழமை தட்டைப் பார்த்துவிட்டு, "சரிம்மா. வண்டிய ஏலத்துல விட்டுடுறேன். வண்டி போச்சுன்னா நீ ரூம் கட்டிக்க. இது வாக்கு" என்றார். அன்று மத்தியானமே வஞ்சிரம் வாங்கினேன்.

ஏலம் கடலூரில். கடற்கரைச் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்து மைதானத்தில், பழைய கார் ஆசைக்காரர்கள் சிலர் சேர்ந்து கண்காட்சியும் ஏலமும் வைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் ஏலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் அடுத்து நடந்த கூத்து யாருக்கும் புரியாது. பரங்கிப்பேட்டையில், வீட்டில் முதலில் காய்த்த சுரைக்காயைப் பள்ளிவாசலுக்குக் கொடுப்பார்கள். கோழி கொடுப்பார்கள், முட்டை கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வாசலில் வைத்து மைக்கில் ஏலம் விடுவார்கள். கடைத்தெருவில் சில்லறைக்குக் கிடைக்கிற சுரைக்காய் அங்கே ஆயிரத்துக்கும் போகும், அதற்கு மேலேயும் போகும். பணம் பள்ளிக்குத்தானே, பரக்கத், அல்லாவின் அருள். நம் சொந்தக்காரர் கொடுத்த பொருளை யாரும் கேட்காமல் விட்டால் அது குடும்பத்துக்கே கேவலம். உடனே நாம் கை தூக்கிவிட வேண்டும். சம்பந்தி வீட்டார் தூக்கினால் அதற்கு மேல் தூக்க வேண்டும். அப்படி எடுத்த சுரைக்காயை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூட்டு வைப்பது அற்பத்தனம். "பள்ளிக்கே விட்டுடுங்க" என்று மைக்கில் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே சுரைக்காய் வாடுகிற வரைக்கும் விலை போனதைச் சின்ன வயசில் எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். மைக்கில் சொன்ன வார்த்தையை அங்கே யாரும் மாற்ற மாட்டார்கள்.

இதில் கை தேர்ந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் ரெண்டு பேர். ஒருவர் என் நானா. நானா என்றால் அண்ணன். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். இன்னொருவர் என் கணவரின் சாச்சா, அதாவது சித்தப்பா. மலேசியாவில் சம்பாதித்துவிட்டுப் பரங்கிப்பேட்டையில் ஓய்வாக இருக்கிறார். பெண் வீடு நானா, மாப்பிள்ளை வீடு சாச்சா. ஒரு பறங்கிக்காய்க்காக இவர்கள் மோதிக்கொண்டு பள்ளிவாசல் மினாரா கோபுரத்துக்கு வெள்ளையடிக்கிற செலவு தேறியதை ஊரே சொல்லும். என் கணவர் பெருமைக்காக ரெண்டு பேரையும் கடலூர் ஏலத்துக்கு அழைத்துவிட்டார். சும்மா வந்து பாருங்கள் என்றுதான் அழைத்தார்.

காரை ஒரு லாரியில் ஏற்றினோம். தூசி பறக்கக் கூடாது என்று தார்ப்பாய் போட்டு மூடினார். தார்ப்பாய் உரசும் என்று அதற்கு அடியில் என் புது பெட்ஷீட்டை விரித்தார். கார் போனால் போதும், பெட்ஷீட்டும் சேர்ந்து போகட்டும் என்று இருந்தேன். டிரைவரிடம், "மெதுவா போப்பா, காத்து அடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எங்களை மாட்டுவண்டி ஒன்று தாண்டிப்போனது. ஆலப்பாக்கம் தாண்டியதும் ஆடி மாசத்து மழை ஒன்று சடசடவென்று பிடித்தது. இவர் லாரியை நிறுத்தச் சொல்லி, பின்னால் ஏறி, தார்ப்பாய்க்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு காருக்கு ஒரு மனிதன் குடை பிடித்துக்கொண்டு போவதை பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நான் முன்சீட்டில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மைதானத்தில் இறக்கிப் பார்த்தால் மழைநீர் உள்ளே இறங்கி பானெட் மேல் கோடு கோடாக வழிந்திருந்தது. எனக்கே பகீரென்றது. இவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பரவால்ல. முன்னவிட இப்பதான் பாக்கப் பாவமா இருக்கு" என்றார்.

ஏலம் விடுகிறவர் பாண்டியிலிருந்து வந்திருந்தார். அந்தப் புழுக்கத்திலும் கோட் போட்டு, கையில் சின்ன மரச்சுத்தியல் வைத்திருந்தார். முதலில் ஒரு சிவப்புக் கார் வந்தது. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. அதன் சொந்தக்காரர் வேட்டி நுனியால் இன்னமும் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஒன்றே முக்கால் லட்சத்துக்குப் போனது. அடுத்தது எங்கள் வண்டி.

"ஐம்பதாயிரத்தில் ஆரம்பிக்கிறோம்" என்றார் கோட்காரர்.

யாரும் கேட்கவில்லை. கார் ஆசைக்காரர்கள் பக்கத்தில் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிப் போனார்கள். "நாற்பது?" என்றார். சத்தமே இல்லை. "முப்பது?" என்றார். அப்போது பின்சீட்டிலிருந்து எங்கள் வெள்ளைக் கோழி தலையை நீட்டி ஒரு தடவை கொக்கரித்தது. அது எப்போது ஏறியது என்று அல்லாவுக்குத்தான் தெரியும். மைதானம் முழுக்கச் சிரித்தது. "கோழி சேத்தா சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

நான் என் கணவரைப் பார்த்தேன். குடை பிடித்ததில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தலையைக் குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தக் கார் ஒழிய வேண்டும்தான். ஆனால் இப்படி ஒழிய வேண்டும் என்று நான் துஆ கேட்கவில்லை. எவ்வளவு ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்தார் மனுசன்.

அதே வேதனை நானாவுக்கும் வந்திருக்க வேண்டும். தங்கச்சி வீட்டுப் பொருள் சபையில் அநாதையாக நிற்கிறது. அவர் கை தானாக மேலே போனது.

"அம்பதாயிரம்" என்றார்.

சாச்சா சேரிலிருந்து திரும்பிப் பார்த்தார். நம்ம வீட்டு வண்டியைப் பெண் வீட்டுக்காரன் எடுப்பதா?

"ஒரு லட்சம்" என்றார்.

"ஒண்ணர" என்றார் நானா.

"ரெண்டு."

"சாச்சா, நீங்க பெரியவங்க. ஒக்காருங்க. ரெண்டர."

"பெரியவன்னு தெரியுதுல்ல? அப்ப நீ ஒக்காரு. மூணு."

கோட்காரர் சுத்தியலை எங்கே தட்டுவது என்று தெரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கார் ஆசைக்காரர்கள் திரும்ப ஓடி வந்து வண்டியைச் சுற்றிப் போட்டோ எடுத்தார்கள். ஒருத்தர் தூசியை மட்டும் கிட்டத்தில் வைத்து எடுத்தார். என் கணவர் நிமிர்ந்துவிட்டார். நான் மனசுக்குள் ரூமுக்குக் கதவு வைத்து, ஜன்னல் வைத்து, வெள்ளையும் அடித்துவிட்டேன். நானா, "நாலு" என்றார். சாச்சா எழுந்து, "மாஷா அல்லாஹ், நீயே எடு" என்று உட்கார்ந்தார். கோட்காரர் சுத்தியலைத் தட்டிவிட்டார்.

நான் நானாவைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அதற்குள் அவர் மைக்கைக் கையில் வாங்கிவிட்டார். பழக்க தோஷம், வேறென்ன சொல்ல.

"இந்த வண்டிய எந் தங்கச்சிக்கே விட்டுடுறேன். அவளே வெச்சுக்கட்டும். பரக்கத்தா இருக்கட்டும்" என்றார்.

மைதானமே கை தட்டியது. சாச்சா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஒரு பிளாஸ்டிக் சேரைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன்.

சரி, காசாவது வரும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. நானா செக் புத்தகத்தை எடுத்தார். என் கணவர், "மச்சான்கிட்ட நான் காசு வாங்குவேனா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு பேரும் செக்கை மாறி மாறி ஒருத்தர் சட்டைப் பையில் ஒருத்தர் திணித்துக் கடைசியில் அது கிழிந்தது. ஏலம் நடத்தியவர்கள் மட்டும் பணிவாக வந்து, "நாலு லட்சத்துக்கு எங்க கமிஷன்" என்றார்கள். அதை என் கணவர் கட்டினார். லாரி வாடகையை இரண்டு வழிக்கும் கட்டினார். ஆக, போன கார் அதே தார்ப்பாய், அதே பெட்ஷீட், அதே கோழியோடு அன்றைக்குச் சாயங்காலமே வேப்பமரத்தடிக்குத் திரும்பி வந்துவிட்டது. வழியெல்லாம் இவர் பாடிக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் சிதம்பரத்துக்குப் பைத்தியம் பிடித்தது. கழுவின கார் ஒன்றே முக்காலுக்குப் போனது, கழுவாத கார் நாலுக்குப் போனது. போட்டோ எல்லார் போனிலும் வந்துவிட்டது. மாமன் மச்சான் மானத்துக்காகக் கேட்ட விலை என்று அதில் எழுதியிருக்கவில்லை. எதிர்வீட்டில் தினமும் காரைக் குளிப்பாட்டுகிற சார் ஒருவர் இருந்தார். அவர் வாளியை உள்ளே வைத்துவிட்டு, காரைக் காக்கை அடைகிற மரமாகப் பார்த்து நிறுத்த ஆரம்பித்தார். காட்டுமன்னார்கோயிலிலிருந்து யாரோ, ரைஸ் மில்லில் தவிட்டு மூட்டைக்கு அடியில் கிடக்கும் ஜீப்பைப் போட்டோ எடுத்து அனுப்பி, "தவிட்ட எடுக்கலாமா, அப்டியே உடணுமா?" என்று கேட்டார். என் கணவர், "தொடாதீங்க" என்று பதில் போட்டார். வாட்டர் வாஷ் கடைக்காரர் மட்டும் இவரைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாலு லட்சத்துலயே இவ்ளோ மவுசுன்னா, இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்" என்றார் இவர் ஒரு நாள் சாப்பிடும்போது.

ரெண்டு வருஷம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உச்சிக்கு ஏறியது. ஆவணி பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஜவுளிக்கடை அம்மா முந்தின நாள்தான் போன் பண்ணி, "என்னம்மா, எடம் ஆச்சா?" என்று கேட்டிருந்தார். ஆகும் ஆகும் என்று பொய் சொல்லி வைத்திருந்தேன்.

"ஏங்க, நானா மைக்குல என்ன சொன்னாரு?" என்றேன்.

"தங்கச்சிக்கே விட்டுடுறேன்னாரு."

"தங்கச்சி யாரு?"

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. எழுந்து போய் நானாவுக்குப் போன் பண்ணினார். "ஆமா மச்சான், அவளுக்குத்தான் குடுத்தேன். சபைல சொன்னது" என்று நானா சொன்னது எனக்கே கேட்டது. வந்து உட்கார்ந்தார்.

"சரி. ஒன் வண்டிதான். என்ன வேணா பண்ணிக்க" என்றார். குரல் உள்ளே போயிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் ரூம் வராது என்று காயலாங்கடைக்காரரைக் கூப்பிட்டுவிட்டேன்.

அவர் மறுநாள் காலையில் வந்தார். எப்போதும் கட்டுகிற லுங்கி இல்லை. பேன்ட், சட்டை. காரைச் சுற்றி வந்தார். தொடப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அக்கா, நாலு லட்சத்துக்குப் போன வண்டிய நான் எப்படிக்கா ஒடைப்பேன்? எனக்கு மனசு வராது" என்றார்.

"நீங்களுமா?" என்றேன்.

"ஒடைக்க மாட்டேன். வாங்கி அப்டியே வெச்சிருக்கேன். இன்னும் ஏறும்னு சொல்றாங்க. எம்பதாயிரம் தரேன்."

"ஒரு லட்சம்" என்று ஹாலிலிருந்து சத்தம் வந்தது.

திரும்பிப் பார்த்தால் என் கணவர். ஸ்பேனரோடு வாசற்படியில் நிற்கிறார்.

"நீங்க எதுக்குங்க கேக்குறீங்க? ஒங்க வீட்டு வண்டிதானே?" என்றார் காயலாங்கடைக்காரர்.

"ஏலம்னா யாரு வேணா கேக்கலாம்" என்றார் இவர். ரத்தத்தில் ஊறினது எங்கே போகும்.

"ஒண்ணேகால்" என்றார் காயலாங்கடைக்காரர்.

"ஒண்ணர" என்றார் இவர்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இரண்டு ஆண்கள் போட்டியில் இருக்கிறார்கள். பொருள் என்னுடையது. நான் துப்பட்டாவைச் சரி பண்ணிக்கொண்டு காருக்கு முன்னால் போய் நின்றேன்.

"எனக்குப் பணம் வேணாம். இந்த எடம் வேணும். இதுல எனக்கு ஒரு ரூம் வேணும். அதுதான் வெல. கேக்குறவங்க கேளுங்க" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காயலாங்கடைக்காரர்தான் முந்திக்கொண்டார்.

"எங்கிட்ட பழைய தேக்குக் கதவு ஒண்ணு இருக்குக்கா. கீழ வீதில வீடு இடிச்சப்ப எடுத்தது. தாழ்ப்பாளோட."

"ரூமே நான் கட்டித் தரேன்" என்றார் என் கணவர்.

"கதவு, ரெண்டு ஜன்னல். கம்பியோட."

"ரூம், ஃபேனு, டியூப்லைட் ரெண்டு."

"இன்னொரு ஜன்னல்."

"ஏசி" என்றார் இவர். சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிஷம் திகைத்துப் போனார். "கழட்டுனது ஒண்ணு கடைல கெடக்கு. போட்டுத் தரேன். ஆவணிக்குள்ள."

காயலாங்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். ஏசிக்கு மேல் கேட்க அவரிடம் ஒன்றுமில்லை. எதிர்வீட்டு சார் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைச் சாட்சி வைத்து, "பாய்க்கே விட்டாச்சு" என்றேன். ஆனால் வண்டி இங்கே நிற்கக் கூடாது, எங்கே நிறுத்துவார் என்று கேட்டேன். அதை அவர் யோசிக்கவே இல்லை. கடைசியில் காயலாங்கடைக்காரர்தான் கை கொடுத்தார். அவர் யார்டில் ஒரு மூலை ஒதுக்கித் தருவார், மாச வாடகை. தேக்குக் கதவையும் விலைக்குத் தருவார். ஊரில் எல்லார் காரும் காயலாங்கடைக்கு உடையப் போகும். எங்கள் கார் வாடகைக்குக் குடிபோனது.

தெருக்காரர்கள் தள்ளினார்கள். தூசியில் கை வைக்காமல் தள்ளச் சொல்லி இவர் ஆளுக்கு ஒரு செய்தித்தாள் கொடுத்தார். நான் கோழியை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டேன். சிமெண்டும் கம்பியும் கடலூரிலிருந்து நானா அனுப்பினார். மேலே ஷீட் போட்டு, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் ரூம் எழும்பிவிட்டது. சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஏசி மட்டும் லாரி மாதிரி சத்தம் போடும். ஜவுளிக்கடை அம்மா வந்து பார்த்து, சுவரைத் தொட்டு, தரையைப் பார்த்து, நாலு பட்டு ஜாக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் சட்டத்தைப் போட்டுத் துணியை இழுத்துக் கட்டினேன். ஊசியை எடுத்து முதல் மணியை வைக்கப் போகும்போது, கதவைத் தள்ளிக்கொண்டு இவர் வந்தார். கையில் பழைய துண்டில் சுற்றிய ஒரு வட்டம்.

"ஸ்டீயரிங் மட்டும் ஒன் ரூம்ல ஒரு ஓரமா வெக்கட்டுமா? அங்க எலி ஜாஸ்தி. கடிச்சுருச்சுன்னா…"

"வெளிய போங்க" என்றேன்.

கோபத்தில் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஹாலில் இருந்துகொண்டு யாரை எங்கே போகச் சொல்வது? அவரும் அதை யோசித்தாரோ என்னவோ, ஸ்டீயரிங்கை மார்போடு அணைத்துக்கொண்டு, "சரிம்மா, சரிம்மா" என்று பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார்.

எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சட்டத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன். ஊசியை எடுக்க முடியவில்லை. நன்றாக அழுதேன். என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. கதவு சாத்தியிருந்தது.